தூங்கி வழியும் பிள்ளைகளும் தொண்டை கட்டிய டீச்சர்களும்

ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று கூப்பிட்டு உட்கார வைத்தால் மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒருவர் மைக்கைப் பிடித்து, "காலை நாலரைக்கு எழுந்து படிக்கிற பிள்ளைதான் ஜெயிக்கும், அதை நீங்கள்தான் பழக்க வேண்டும்" என்று ஆரம்பித்துவிடுவார். கேட்டுக்கொண்டிருக்கிற நாங்கள் பாம்பன், மண்டபம், தேவிபட்டினம், தொண்டி, பெரியபட்டினம், வாலிநோக்கம் என்று ராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பள்ளிக்கூடங்களில் வேலை பார்க்கிறவர்கள். எங்கள் பிள்ளைகள் பலரும் நாலரைக்கு முன்னாலேயே முழித்தவர்கள்தான். படிக்க இல்லை. அப்பாவின் வள்ளம் கரைக்கு வந்திருக்கும், வலையில் இருந்து மீன் கழிக்க ஆள் வேண்டும். அல்லது அம்மா கடற்பாசி எடுக்கத் தீவுக்குக் கிளம்பியிருப்பார், தம்பி தங்கச்சியைக் குளிப்பாட்டிக் கிளப்புவது பெரிய பிள்ளையின் வேலையாகியிருக்கும். இவர்களிடம் போய் அதிகாலையின் அருமையைப் பேசுகிற தைரியம் எனக்கு இல்லை.

நான் அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன், பத்தாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர். ஊர்ப் பேரைச் சொன்னால் பிள்ளைகளையும் அடையாளம் காட்டியது போல ஆகிவிடும், அதனால் வேண்டாம். உற்பத்தித்திறன், மனநலம், நேர மேலாண்மை என்று எங்களுக்கு வந்து சேர்கிற அறிவுரைகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு நகரத்து வீட்டை மனதில் வைத்து எழுதியவை. தனி அறை, மேசை விளக்கு, சாயங்காலம் ஆறு மணிக்கு வேலை முடிந்து வருகிற அப்பா எல்லாம் அதில் இருக்கும். எங்கள் பக்கத்து வீடுகளின் கடிகாரம் வேறு. பிள்ளைகள் எப்போது சோர்ந்திருக்கிறார்கள், நாங்கள் எப்போது சோர்ந்திருக்கிறோம் என்று பார்த்து, தெளிவாக இருக்கிற கொஞ்ச நேரத்தைப் பாடத்துக்கு மிச்சம் பிடித்தாலே போதும், மற்றதெல்லாம் ஓரளவுக்குச் சரியாகிவிடும் என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் கடிகாரத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுகள் டோக்கன் வாங்கிக்கொண்டு திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும், மறுநாள் காலை திரும்பும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. இரண்டு தரப்பும் ஒருவர் வலையை ஒருவர் அறுத்துக்கொள்ளாமல் இருக்க வந்த ஏற்பாடு. இதன்படி பார்த்தால் விசைப்படகு வீட்டுப் பிள்ளைகளுக்குச் செவ்வாயும் வியாழனும் விடியற்காலையே விடிந்துவிடும். படகு வந்து, மீன் இறங்கி, ஏலம் முடிந்து, அப்பா வீட்டுக்கு வந்து படுக்கிற நேரத்தில் பிள்ளை பைக்கட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் வருவான். முதல் பீரியடில் கண்ணைத் திறந்தபடியே தூங்குவான், அது ஒரு கலை. மன்னார் வளைகுடா பக்கம் பாசி எடுக்கிற அம்மாக்களுக்கு நிலாதான் கணக்கு. அமாவாசையை ஒட்டி ஒரு வாரம், பௌர்ணமியை ஒட்டி ஒரு வாரம் வற்று (கடல் தண்ணீர் உள்வாங்குவது) நன்றாக இருக்கும், அப்போதுதான் தீவோரம் போய் முங்கி எடுக்க முடியும். மரிக்கொழுந்துப் பாசி பாறையோடு பிடித்துக்கொண்டு கிடக்கும். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் பிய்ப்பார்கள், அப்படியும் பெற்றோர் கூட்டத்தில் கையெழுத்துப் போட வருகிற அம்மாக்களின் விரல் நுனியைப் பார்த்தால் பேனாவை நீட்டவே ஒரு மாதிரி இருக்கும்.

அந்த நாட்களில் "ஏன் பாப்பா வீட்டுப்பாடம் எழுதலை?" என்று கேட்டால், அந்தப் பெண் பதில் சொல்லாமல் தரையைப் பார்ப்பாள். பதில் எனக்கே தெரியும் என்கிறபோது எதற்குக் கேட்க வேண்டும்?

தூக்கத்தைப் பற்றி மருத்துவர்கள் சொல்வது தெளிவானது. 13 முதல் 18 வயது வரைக்கும் ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். அதோடு இந்த வயதில் உடம்புக்குள் இருக்கிற கடிகாரமே கொஞ்சம் பின்னால் தள்ளிப்போகும், தூக்கம் வரவழைக்கிற மெலடோனின் ராத்திரி தாமதமாகத்தான் சுரக்கும். அதனால் "சீக்கிரம் படுடா" என்றால் அவனுக்குப் படுக்க முடியும், தூங்க முடியாது. பகலில் படித்தது மூளையில் ஊறி நிற்பதும் தூக்கத்தில்தான். ஆக, தூக்கத்தை வெட்டிப் படிக்கிற நேரத்தைக் கூட்டினால் படித்ததும் நிற்காது, மறுநாள் வகுப்பும் போச்சு. இதைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னபோது ஒரு அப்பா, "டீச்சர், எங்களுக்கே அந்தத் தூக்கம் கிடையாதே" என்றார். நியாயம்தான். எங்களுக்கும் கிடையாது என்று நானும் சொன்னேன், கூட்டமே சிரித்தது.

இந்த இடத்தில் கலாம் ஐயாவைக் கொண்டுவந்து நிறுத்தாத மேடை எங்கள் மாவட்டத்தில் கிடையாது. 1931இல் ராமேஸ்வரத்தில் பிறந்தார், நாலு மணிக்கு எழுந்து கணக்கு டியூஷன் போனார், ரயிலில் இருந்து வந்த பேப்பர் கட்டுகளை எடுத்து வீடு வீடாகப் போட்டார், அப்படியெல்லாம் உழைத்துத்தான் ஜனாதிபதி ஆனார், நீங்களும் எழுந்திருங்கள். இவ்வளவும் உண்மைதான். ஆனால் அதே கதையில் அவரை எழுப்பிக் குளிக்கவைத்து அனுப்ப அவருடைய அம்மா அவருக்கும் முன்னால் எழுந்திருக்கிறார். வீடு முழுவதும் சேர்ந்து அந்தப் பையனின் படிப்பைத் தாங்கியிருக்கிறது. இன்னொன்றும் உண்டு, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஐந்தாம் வகுப்பில் அவருக்குப் பாடம் எடுத்த சிவசுப்பிரமணிய ஐயர், பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிப் பார்த்தார், பிள்ளைகளுக்குப் புரியவில்லை. சாயங்காலம் எல்லோரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் பறவைகளைக் காட்டினார். தன் வாழ்க்கை அந்த வகுப்பில்தான் திரும்பியது என்று கலாம் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். நாலு மணிக்கு எழுந்ததைப் பிடித்துக்கொண்ட நாம் கடற்கரை வகுப்பை மட்டும் வசதியாக விட்டுவிட்டோம். ஏனென்றால் முதலாவது பிள்ளை செய்ய வேண்டியது, இரண்டாவது நாம் செய்ய வேண்டியது.

சரி, நான் என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை.

முதல் பீரியட் எனக்கு இருந்தால் புதுப் பாடம் தொடங்குவதில்லை. வந்ததும் எல்லோரும் புத்தகத்தை மூடி, நோட்டின் கடைசிப் பக்கத்தில் நேற்று படித்ததில் ஞாபகம் இருப்பதை எழுத வேண்டும். ஐந்து நிமிடம்தான். படம் போடலாம், பேச்சுத் தமிழில் எழுதலாம், தப்பாக எழுதலாம். மார்க் கிடையாது. எழுதியதைப் பக்கத்தில் இருக்கிறவரிடம் கொடுத்து, அவர் விட்டதை இவர், இவர் விட்டதை அவர் சேர்க்க வேண்டும். நான் திருத்துவதில்லை, சிவப்புப் பேனாவை எடுப்பதே இல்லை. நடந்துகொண்டே எட்டிப் பார்ப்பேன், எல்லோரும் எங்கே சறுக்குகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும், அதை மட்டும் திரும்பச் சொல்வேன்.

ஒரு தடவை சவ்வூடு பரவல் நடத்திய மறுநாள் இதைச் செய்தபோது, வழக்கமாக வாயே திறக்காத ஒரு பையன் கருவாடு படம் போட்டிருந்தான். வயிற்றைக் கீறிய மீன், மேலே புள்ளி புள்ளியாக உப்பு, மீனுக்குள்ளிருந்து வெளியே போகிற மாதிரி அம்புக்குறி. கீழே, "உப்பு வைச்சா மீனுக்குள்ள இருக்குற தண்ணி சவ்வு வழியா வெளிய வந்துரும், அதான் கருவாடு கெடாது. ஆச்சி ரெண்டு நாள் வைக்கும்" என்று எழுதியிருந்தான். பாடப்புத்தகத்தில் முட்டை, திராட்சை என்று என்னவெல்லாமோ இருக்கும். நான் கரும்பலகையில் போட்ட படத்தில்கூட இவ்வளவு தெளிவு இல்லை. அன்றைக்கு வகுப்பு அவனுடையது. கருவாட்டில் உப்பு அதிகமானால் என்ன ஆகும், கிருமி ஏன் அதில் பிழைக்காது, கடலில் கிடக்கிற மீன் ஏன் அப்படிக் காய்ந்துபோகவில்லை என்று கேள்வி மேல் கேள்வி. கடைசிக் கேள்விக்கு நான் வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்துதான் பதில் சொன்னேன் (கடல்மீன் உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், அதிகப்படி உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளும்). தூங்கி வழிகிற முதல் பீரியடில் இது நடந்தது.

இந்த முறை நானாகக் கண்டுபிடித்தது இல்லை. எபிங்ஹாஸ் என்கிற ஜெர்மன்காரர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறந்துபோகிறது என்று அளந்து 1885இல் புத்தகமே போட்டார். படித்த உடனேதான் மறதி அதிகம், போகப்போகக் குறையும், இடைவெளி விட்டுத் திரும்பிப் பார்த்தால் நிற்கும். அப்புறம் 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு பேர் மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னால் நின்றார்கள். இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் வைத்தபோது, படித்துவிட்டு மூடிவைத்து நினைவில் இருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். நம் பிள்ளைகள் புத்தகத்தை முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே சத்தமாகப் படித்துக்கொண்டே இருப்பதும், தேர்வறையில் "படிச்சேன் டீச்சர், வரமாட்டேங்குது" என்பதும் இதனால்தான். படித்தது பொய் இல்லை. மூடிவைத்து எடுத்துப் பார்க்கும் பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

இதில் எனக்கும் லாபம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. நோட்டுக் கட்டு குறைந்தது. முன்பெல்லாம் ராமநாதபுரம் பஸ்ஸில் உச்சிப்புளி தாண்டி உட்கார இடம் கிடைத்ததும் மடியில் நோட்டை வைத்துத் திருத்திக்கொண்டே வருவேன், பஸ் குலுக்கலில் என் கையெழுத்து எனக்கே புரியாது. திருத்திய நோட்டைப் பிள்ளைகள் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள், எத்தனை ரைட், எத்தனை தப்பு என்று எண்ணுவதோடு சரி. இப்போது பஸ்ஸில் தூங்குகிறேன்.

வீட்டுப்பாடத்தையும் வெகுவாகக் குறைத்துவிட்டேன். ஒரே அறையில் டிவி, தாத்தாவின் இருமல், வலை பின்னுகிற அப்பா, ஒரே போன், அந்த போனும் காற்று எப்படி, கடல் எப்படி என்று பார்க்க அப்பா கையில். அங்கே உட்கார்ந்து ஐந்து பாடத்துக்கும் எழுது என்றால் என்ன அர்த்தம்? எழுத்து வேலையைக் கடைசி பீரியடில் பள்ளியிலேயே முடிக்கச் சொல்கிறேன். வீட்டுக்கு ஒரு கேள்வி மட்டும், அதுவும் வீட்டில் யாரிடமாவது கேட்டு வர வேண்டிய கேள்வியாக. "வாடைக் காற்று எப்போ தொடங்கும், கச்சான் எப்போ தொடங்கும், எந்தக் காத்துல எந்த மீன் படும்?" என்று ஒரு நாள் கேட்டேன் (கச்சான் என்பது தென்மேற்குக் காற்று). மறுநாள் வந்த பதில்களில் பாதி எனக்குப் புதுசு. பிள்ளையும் அப்பாவும் மார்க்கைத் தவிர வேறு ஒன்றைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், அதுவே பெரிய விஷயம்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த வருடம் மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. கடலோரத்தில் அதன் அருமை தெரிய வேண்டுமென்றால் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து பாருங்கள், வீட்டில் அடுப்பே பற்றவைக்காத காலையில் பிள்ளை உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கும். ஆனால் அது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஐந்தில் இருந்து ஆறுக்கு வந்ததும் பிள்ளைக்குப் பசி நின்றுபோகுமா என்ன? ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்றாவது பீரியடில் சுருண்டு விழுவதைப் பார்த்துவிட்டு நாங்கள் சிலர் பணம் போட்டு பிஸ்கட், கடலை மிட்டாய் வாங்கி வைத்திருக்கிறோம். யாருக்கு என்று கேட்டுக் கொடுப்பதில்லை, ஸ்டாஃப் ரூம் ஜன்னல் ஓரம் இருக்கும், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன்.

ஆசிரியர் நலன் என்றால் உடனே யோகா, தியானம் என்று போய்விடுகிறார்கள். நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்து கடலோரப் பள்ளி டீச்சருக்கு முதலில் வருகிற பிரச்சினை தொண்டை, இரண்டாவது தண்ணீர். கச்சான் அடிக்கிற மாதங்களில் ஜன்னலைத் திறந்தால் மணலும் இரைச்சலும், மூடினால் புழுக்கம். அந்த இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திச் சாயங்காலம் வீட்டில் பேசக் குரல் இருக்காது. இடுப்பில் மாட்டுகிற சின்ன மைக் செட் ஒன்று வாங்கினேன். ஸ்டாஃப் ரூமில் "ஏலம் போடப் போறீங்களா அக்கா?" என்று கிண்டல் செய்தார்கள். இப்போது கிண்டல் செய்தவர்களும் மாட்டியிருக்கிறார்கள். 'ப' வடிவத்தில் உட்காரவைக்கச் சொல்லி 2025இல் ஒரு யோசனை வந்தது, குரலுக்கு அது நல்லதுதான், நாற்பது பிள்ளைகளும் ஒரு சின்ன அறையும் இருந்தால் 'ப' எங்கே வரும், அது 'ட'வில் போய் நிற்கிறது.

தண்ணீர் விஷயம் கொஞ்சம் கூச்சமானது, இருந்தாலும் சொல்கிறேன். பெண் ஆசிரியர்கள் பலரும் பள்ளியில் தண்ணீர் குடிப்பதில்லை. கழிப்பறையில் தண்ணீர் வராது, வந்தாலும் உப்பு, அல்லது தூரம், அல்லது பெண் பிள்ளைகளோடு வரிசையில் நிற்க வேண்டும். காலை ஏழு மணிக்கு வீட்டில் குடித்ததுதான், சாயங்காலம் பஸ் இறங்குகிற வரைக்கும் வாயை நனைப்பதோடு சரி. தலைவலி, சிறுநீர்த் தொற்று, மாத்திரை, திரும்பத் தலைவலி. பெரிய பெண் பிள்ளைகளும் இதையே செய்கிறார்கள், நம்மைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். 2025இல் பள்ளிகளில் தண்ணீர் குடிக்கத் தனி மணி அடிக்கச் சொன்னார்கள், கேரளாவில் 2019இலேயே தொடங்கிவிட்டார்கள். மணி அடித்ததும் நானும் பிள்ளைகள் முன்னால் பாட்டிலைத் திறந்து முழுசாகக் குடிக்கிறேன். கழிப்பறைக்கு ஊராட்சியில் இருந்து தண்ணீர் லாரிக்கு ஏற்பாடு செய்ய ஹெச்.எம். சார் அலைந்த அலைச்சல் தனிக் கதை. எந்த நேர மேலாண்மைப் பயிற்சியைவிடவும் அந்த லாரியால்தான் எங்கள் பள்ளியில் வேலை நடந்தது.

அப்புறம் போன். ராத்திரி ஒன்பதரைக்கு வாட்ஸ்அப் குழுவில், "அவசரம். நாளை காலை 9 மணிக்குள் விவரம் அனுப்பவும்" என்று வரும். அதே விவரத்தைப் போன மாதமும் கொடுத்திருப்போம். கேட்கிறவர்களுக்கு மேலே கேட்கிறவர்கள், அவர்களுக்கும் மேலே. ஆப்பில் வருகைப் பதிவு போட வேண்டும், நெட்வொர்க் காற்றடிக்கிற திசையைப் பொறுத்து வரும், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிற டீச்சரைப் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். வகுப்பின் முதல் பத்து நிமிடம், பிள்ளைகளும் நாமும் தெளிவாக இருக்கிற பத்து நிமிடம், இதில் போய்விடும். எங்கள் பள்ளியில் இதற்கு ஒரு வழி வைத்துக்கொண்டோம். பதிவேற்றுகிற வேலை எல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரே நேரத்தில், முறை வைத்து ஒருவர் செய்வார். காலை வருகைப் பதிவு மட்டும் விதிவிலக்கு, அதையும் நெட்வொர்க் கிடைக்கிற மாடிப்படிக்குப் போய் ஒருவரே எல்லோருக்கும் சேர்த்துக் கவனித்துக்கொள்வார். ராத்திரிச் செய்தியைக் காலையில் பார்க்கிறேன். உலகம் அழியவில்லை.

வேலைச் சோர்வு என்பதை உலக சுகாதார நிறுவனம் 2019இல் விளக்கியபோது மூன்று அடையாளம் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசப்பாவது, செய்கிறது எதுவும் பயனில்லை என்று தோன்றுவது. முதலாவது எல்லோருக்கும் தெரியும், தூங்கி எழுந்தால் கொஞ்சம் தேறிவிடும். எனக்குப் பயம் இரண்டாவதில்தான். ஸ்டாஃப் ரூமில் யாராவது, "இந்த ஊர்ப் பிள்ளைகள் இவ்வளவுதான், அப்பன் கடலுக்குப் போகிறான், இவனும் கடலுக்குத்தான் போவான்" என்று சொன்னால் அந்த ஆசிரியர் கெட்டவர் என்று நான் நினைப்பதில்லை. அவர் களைத்துவிட்டார், அதுதான் அப்படிப் பேசுகிறது. எங்கள் ஸ்டாஃப் ரூமில் இதையே அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்த ஒரு சாருக்கு அந்த வருடம் இரண்டு வகுப்புக்கு வகுப்பாசிரியர் பொறுப்பு, தேர்தல் வேலை, வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா. ஒரு பொறுப்பை வேறு ஒருவர் வாங்கிக்கொண்டார், பேச்சு தானாகக் குறைந்துவிட்டது. அறிவுரை எதுவும் யாரும் சொல்லவில்லை.

பிள்ளைகள் மனதைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், எங்கள் பக்கம் போன்ற கடலோரத்துக்கே உரிய ஒரு கஷ்டம் இருக்கிறது. எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துவிட்டது என்று ராத்திரியோடு ராத்திரியாகச் செய்தி வரும். காலையில் வகுப்பில் ஒரு இடம் காலியாக இருக்கும், அல்லது அந்தப் பிள்ளை வந்து உட்கார்ந்திருக்கும், அதுதான் இன்னும் கஷ்டம். அப்பா யாழ்ப்பாணத்தில் சிறையில், வழக்கு எப்போது வரும் தெரியாது, படகுக் கடன் நிற்கிறது, வீட்டில் சொந்தக்காரர்கள் கூட்டம். இந்த மாதிரி நாட்களில் நாங்கள் கடைப்பிடிக்கிறது இதுதான்: எல்லோர் முன்னாலும் எதுவும் கேட்பதில்லை, பாவம் என்று தலையைத் தடவுவதில்லை, பரீட்சை பக்கத்தில் இருந்தாலும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஏதாவது ஒரு சின்ன வேலை கொடுப்போம், லேப் சாவி வாங்கி வருவது, தேதி எழுதுவது மாதிரி. பேச வேண்டும் என்று தோன்றினால் அந்தப் பிள்ளையே சாயங்காலம் பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும். எங்களால் முடியாது என்று தெரிந்தால் 14416 டெலிமானஸ் எண்ணுக்குக் கூடவே உட்கார்ந்து போன் போட்டுக் கொடுக்கிறோம். 2022 அக்டோபரில் இருந்து நாடு முழுக்க நடக்கிற இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். ஆசிரியர்களும் பேசலாம், எங்களில் சிலர் பேசியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கரையில் கிடக்கும். நிவாரணம் 8,000 ரூபாய், 2023இல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் உயர்த்தி அறிவித்தார்கள், முன்பு 5,000. அது எத்தனை நாளைக்கு வரும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் பிள்ளைகளைப் பொறுத்தவரை அப்பா ராத்திரி வீட்டில் படுத்துத் தூங்குகிற மாதங்கள் அவை. பெரிய பையன்களில் சிலர் அந்த லீவில் வெளியூர் வேலைக்குப் போய்விடுவார்கள், திருப்பூர், கேரளா என்று, ஜூனில் பள்ளி திறக்கும்போது பாதிப் பேர்தான் உடனே திரும்புவார்கள். கையில் கொஞ்சம் காசு பார்த்தவனைத் திரும்ப பெஞ்சில் உட்காரவைக்க வேண்டுமென்றால் முதல் வாரத்தில் அவனைத் திட்டக் கூடாது, இதை மட்டும் எல்லா டீச்சர்களிடமும் கெஞ்சிக் கேட்டு வைத்திருக்கிறேன்.

இப்போது பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்புக்கான அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறோம். பொதுத்தேர்வு மார்ச், ஏப்ரல் என்று வரும், ஜனவரியில் இருந்தே காலையும் மாலையும் கூடுதல் வகுப்பு. போன வருடம் நாள்காட்டியை எடுத்து அமாவாசை, பௌர்ணமியை வட்டம் போட்டுக்கொண்டு ஹெச்.எம். சாரிடம் போனபோது, "என்ன டீச்சர், பரீட்சைக்கு ஜோசியமா?" என்றார். வற்று நாட்களில் காலைச் சிறப்பு வகுப்பு வேண்டாம், விசைப்படகு திரும்புகிற செவ்வாய், வியாழன் காலையும் வேண்டாம், அந்த நேரத்தை மற்ற நாள் சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம், சுண்டல் கொடுத்து உட்காரவைக்கலாம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். வராதவர்கள் குறைந்தார்கள், வந்தவர்கள் முழித்துக்கொண்டு இருந்தார்கள். மார்க் ஏறியதா என்றால், ஒரு வருடத்தை வைத்து அதைச் சொல்வது சரியாக இருக்காது.

இந்த முறை சிக்கல் நோன்பு மாதத்தில். எங்கள் வகுப்பில் நோன்பு வைக்கிற பிள்ளைகள் நிறைய, சாயங்காலம் ஐந்து மணிக்காவது அனுப்பினால்தான் வீட்டுக்குப் போய்க் குளித்துப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கி வைக்க நேரம் இருக்கும். அனுப்பிவிடலாம் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. குறைகிற நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் கணக்கு டீச்சருக்கும் எனக்கும் தகராறு. அவர் பி.இ.டி. (விளையாட்டு) பீரியடைக் கேட்கிறார். இந்த வயதுப் பிள்ளைகள் நாளுக்கு ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்பது ஒரு பக்கம் இருக்க, வாரம் முழுக்க என் வகுப்பில் தூங்குகிறவன் கபடி கோட்டில் என்ன பாய்ச்சல் பாய்கிறான் என்று அவர் ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும். அந்த பீரியடை மட்டும் தருவதாக இல்லை. வேண்டுமானால் என் அறிவியல் பீரியடில் வாரத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லியிருக்கிறேன். திங்கள்கிழமை கூட்டத்தில் பேசி முடிவெடுக்க வேண்டும்.